கோயிலுக்குக் கட்டளை, குழந்தைக்கு முயற்சி: 1949, 1956 உடன்பாடுகளின் நிறையும் குறையும்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1ஆம் நாள் களியக்காவிளைக்கு அப்பால் கேரளப் பிறவி கொண்டாடப்படுகிறது. இப்பால் குமரி மாவட்டம் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள் நினைவுகூரப்படுகிறது. 2021இல் தமிழ்நாடு அரசு அதனை எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைவுகூரும் நாளாகவும் அறிவித்தது. இரு மேடைகளிலும் முழக்கங்களுக்குக் குறைவில்லை. ஆனால் இரு மேடைகளும் சேர்ந்தே மறக்கும் ஊர்கள் சில உண்டு. இஞ்சிவிளை, பாறசாலை, காரக்கோணம், வெள்ளறடை, பொழியூர் என நெய்யாற்றின்கரை வட்டத்தின் விளிம்பில் கிடக்கும் ஊர்கள் அவை.

இவ்வூர்களைப் பற்றி இரண்டு வாதங்கள் ஆண்டுதோறும் தவறாமல் எழுகின்றன. "1956இல் முடிந்த கணக்கு; இனி அங்கே தமிழர் என்று எவருமில்லை" என்பது ஒன்று. "இழந்த மண்ணை மீட்போம்" என்பது மற்றொன்று. எதிரெதிர் வாதங்கள் போலத் தோன்றினும் இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எல்லையை வகுத்த உடன்பாடுகளில் உண்மையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை இரு தரப்பும் படிப்பதில்லை. படித்தால், கோடு எங்கே விழுந்தது என்பதைவிடக் கோட்டின் இருபுறமும் விடப்பட்டவர்களுக்கு எந்தச் சொல்லில் உறுதி தரப்பட்டது என்பதே பெரிய குறை என்பது விளங்கும்.

1. மன்னர்கள் கையெழுத்திட்ட உடன்படிக்கை

திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு சமஸ்தானங்களின் மன்னர்கள் 1949ஆம் ஆண்டு மே மாதம் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அவ்வாண்டு ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சி ஒன்றிய அரசு பிறந்தது. இறையாண்மை கொண்டிருந்த இரு ஆட்சியாளர்கள் தம் நாடுகளை ஒன்றாக்கி, பொது ஆட்சியமைப்பு ஒன்றை வகுத்துக்கொண்ட ஆவணம் அது. அரசமைப்பு உடன்படிக்கை என்னும் சொல்லுக்கு இந்தியத் தென்கோடியில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

அதன் நிறைகளை மறுப்பது நேர்மையாகாது. போரின்றி இரு அரசுகள் இணைந்தன. தனிமனித ஆட்சி முடிந்தது. மக்கள் பேராளர்களின் ஆட்சி தொடர வழி பிறந்தது. துணைக்கண்டத்தின் வடக்கே பிரிவினையின் குருதி உலராத காலத்தில், ஒரு குடும்பமும் இடம்பெயராமல் நிகழ்ந்த அரசியல் மாற்றம் அது.

குறை எங்கே இருக்கிறது? 1948இல் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்னும் அடிப்படையில் நடந்த திருவிதாங்கூர்த் தேர்தலில், தமிழ்ப் பகுதிகளைத் தாய்த்தமிழகத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது. மக்களின் விருப்பம் வாக்குச்சீட்டில் வெளிப்பட்டு ஓராண்டு கழிந்த பின்னரே உடன்படிக்கை எழுதப்பட்டது. திருவிதாங்கூரோடு கொச்சி இணையுமானால் புதிய மாநிலத்தில் தமிழரின் விகிதம் மேலும் குறையும் என்பது எளிய கணக்கு. ஆயினும் தோவாளை முதல் நெய்யாற்றின்கரை வரை எவரிடமும் ஒரு சொல் கேட்கப்படவில்லை.

கேட்கப்படாதோர் பட்டியலில் கோயில்கள் மட்டும் இல்லை. திருவிதாங்கூர்த் தேவசங்களுக்கு ஆண்டுதோறும் 51 லட்சம் ரூபாய் அரசு வருவாயிலிருந்து தரப்பட வேண்டும் என்று அந்த உடன்படிக்கை தெளிவாக வகுத்தது. மன்னர் தம் குலதெய்வத்தை மறக்கவில்லை. தம் குடிகளின் மொழியைப் பற்றி அத்தகைய தொகையோ உறுதியோ எதையும் எழுதவும் இல்லை.

2. ஒரே திருத்தத்தில் இரண்டு சொற்கள்

1953 டிசம்பரில் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைந்தது. பசல் அலி தலைவர், குன்சுருவும் கே. எம். பணிக்கரும் உறுப்பினர்கள். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் தமிழர்கள் உயிரிழந்தனர். அன்று முதல்வராயிருந்த பட்டம் தாணுப்பிள்ளை பதவி விலக வேண்டும் என்று அவருடைய கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே கோரினார். 1955 செப்டம்பரில் ஆணையத்தின் அறிக்கை வந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டவை ஒன்பது வட்டங்கள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை கிடைத்தன. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை கிடைக்கவில்லை.

அதன்பின் நிகழ்ந்தது கவனத்துக்குரியது. அரசமைப்பின் 3ஆம் உறுப்பின்படி, ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றும் மசோதாவைக் குடியரசுத் தலைவர் அம்மாநிலச் சட்டமன்றத்தின் கருத்துக்கு அனுப்பவேண்டும். அக்கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. மக்களிடம் நேரடியாகக் கேட்கவேண்டும் என்பதற்கோ இடமே இல்லை. போதாக்குறைக்கு, 1956 மார்ச்சு மாதத்தில் திருவிதாங்கூர்-கொச்சியில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துவிட்டது. மாநில மறுசீரமைப்புச் சட்டம் ஆகஸ்டு 31ஆம் நாள் ஒப்புதல் பெற்றபோது, பிரிக்கப்படவிருந்த அம்மாநிலத்தில் சட்டமன்றமே இல்லை.

அதே ஆண்டில் அரசமைப்பின் ஏழாம் திருத்தம் நிறைவேறியது. அத்திருத்தம் சேர்த்த உறுப்புகளில் இரண்டை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, 290அ. கேரளத்தின் தொகுப்பு நிதியிலிருந்து திருவிதாங்கூர்த் தேவசம் நிதிக்கு ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் செலுத்தப்பட வேண்டும். அன்றைய சென்னை மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து, எல்லை மாறிய பகுதிகளின் கோயில்களுக்கு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் செலுத்தப்பட வேண்டும். இது தொகுப்பு நிதியின் மீது சார்த்தப்பட்ட செலவு. அதாவது, சட்டமன்றத்தின் வாக்கெடுப்புக்கே விடப்படாதது. எந்த ஆட்சி வந்தாலும், எந்த நிதியமைச்சர் முகம் சுளித்தாலும், பணம் போயே தீரவேண்டும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறிய நாளில் அதன் பூசை தடைபடாதிருக்க அரசமைப்பே காவல் நின்றது.

இரண்டாவது, 350அ. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் "முயற்சி" செய்யவேண்டும். தேவையெனக் கருதினால் குடியரசுத் தலைவர் பணிப்புரை வழங்கலாம். அடுத்து வரும் 350ஆ, மொழிச் சிறுபான்மையினருக்கென ஒரு தனி அலுவலரை நியமிக்கச் சொல்கிறது. அவர் விசாரிப்பார், அறிக்கை தருவார், அறிக்கை நாடாளுமன்ற அவைகளின் முன் வைக்கப்படும். ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

ஒரே ஆண்டு, ஒரே திருத்தம், ஒரே நாடாளுமன்றம். கோயிலுக்குக் கட்டளை கிடைத்தது. குழந்தைக்கு முயற்சி கிடைத்தது. கோயிலுக்கு ரூபாய்க் கணக்கு எழுதப்பட்டது. குழந்தைக்குப் "போதிய வசதி" என்று எழுதப்பட்டது.

இதைக் கோயில்களுக்கு எதிரான வாதமாகத் திரிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு விடை எளிது. கோயில்களின் நிலங்களை அரசு எடுத்துக்கொண்டதற்கு ஈடாக வந்த தொகை அது. அதை உறுதிசெய்தது சரியே. இங்கே கேள்வி வேறு. எல்லை மாறும்போது ஓர் உரிமையை எவ்வாறு உறுதியாக எழுதவேண்டும் என்பதை 1956இன் சட்ட வரைவாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு 290அ சான்று. அறிந்தும் குழந்தைகளுக்கு அவ்வாறு எழுதவில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை கல்குளம் வட்டத்தில், தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது. அதனைப் பேணுவது கேரள அரசு. எல்லைக்கு அப்பாலுள்ள ஓர் அரண்மனைக்காக இரு மாநிலங்களும் ஓர் ஏற்பாட்டை இத்தனை பத்தாண்டுகளாகச் சிக்கலின்றி நடத்த முடிகிறது. பாறசாலையில் ஒரு தமிழ் வகுப்புக்கும் விளவங்கோட்டில் ஒரு மலையாள வகுப்புக்கும் அத்தகைய ஏற்பாடு ஏன் இயலாது என்று எவரும் கேட்டதில்லை.

3. "அங்கே தமிழரே இல்லை" என்னும் வாதம்

நெய்யாற்றின்கரையில் தமிழர் எண்ணிக்கை சிறிது என்றும், இருப்போரும் மலையாளம் அறிந்தோர் என்றும் சொல்லப்படுகிறது. முதலில், 350அ எந்த விழுக்காட்டையும் கேட்கவில்லை. உடன்படிக்கை கையெழுத்தான அதே 1949ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, பள்ளி முழுவதிலும் 40 மாணவர்களோ ஒரு வகுப்பில் 10 மாணவர்களோ இருந்தால் தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று முடிவு செய்தது. வட்டத்தின் பெரும்பான்மை என்பது எல்லை வகுக்கப் பயன்பட்ட அளவுகோல். வகுப்பறைக்கு அளவுகோல் பத்துக் குழந்தைகள். இரண்டையும் குழப்புவது வசதியான குழப்பம்.

இரண்டாவது, எல்லையூர் மொழியை மக்கள்தொகைக் கணக்கின் ஒற்றைக் கட்டம் பிடித்துக்கொள்ளாது. பாறசாலையின் மலையாளத்தில் தமிழ் ஊறியிருக்கிறது. களியக்காவிளையின் தமிழில் மலையாளம் ஊறியிருக்கிறது. இரு மொழியும் வீட்டில் புழங்கும் குடும்பம், கணக்கெடுப்பவர் கேட்கும்போது ஒன்றைத்தான் சொல்லமுடியும். அரசு அலுவலகம், பள்ளி, வேலை ஆகிய மூன்றும் எந்த மொழியில் இருக்கின்றனவோ அந்த மொழியைச் சொல்வதே இயல்பு. வசதியை மறுத்துவிட்டு, அதனால் குறைந்த எண்ணிக்கையைக் காட்டி, வசதி தேவையில்லை என்று வாதிடுவது வட்டமான வாதம்.

மூன்றாவது, கேரளமே இவ்வாதத்தை ஏற்கவில்லை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் தம் பகுதி அலுவலகங்களோடும் தம் மொழியில் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்றும், விடையும் அம்மொழியிலேயே தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டப் புத்தகத்தில் தமிழர் இருக்கிறார்கள். மேடைப் பேச்சில் மட்டும் இல்லாமற் போகிறார்கள்.

4. "மீட்போம்" என்னும் வாதம்

எதிர்த்தரப்பின் முழக்கமும் இதே அளவு வெறுமையானது. நெய்யாற்றின்கரையைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிட்டால் சிக்கல் தீராது, இடம் மாறும். இன்று பாறசாலையில் தமிழருக்கு நேர்வது நாளை அங்குள்ள மலையாளிகளுக்கு நேரும். விளவங்கோட்டில் மலையாளம் பேசும் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன. 2006இல் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டத்தை இயற்றியபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வில் விலக்குப் பெற நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. 2017இல் கேரளம் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டத்தை இயற்றியது. இரு சட்டங்களும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்தது போலிருக்கின்றன. எல்லைக்கு அப்பாலிருக்கும் தன் மொழியினருக்காகக் கண்ணீர் விடும் அரசு, தன் எல்லைக்குள் இருக்கும் பிறமொழிக் குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதே அந்தக் கண்ணீரின் உரைகல்.

5. ஆற்றுக்கு எழுதிய உறுதியும் காய்ந்தது

குறை எழுத்தில் மட்டும் இல்லை. எழுதியதை நடத்துவதிலும் இருக்கிறது. நெய்யாறு அணைத் திட்டம் மாநிலப் பிரிவினைக்கு முன்னரே தொடங்கியது. அன்று நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே மாநிலம். இடதுகரை சானல் நெய்யாற்றின்கரை வட்டத்தைக் கடந்து விளவங்கோட்டு வயல்களுக்குச் செல்லுமாறு வகுக்கப்பட்டது. அந்தப் பாசனப் பரப்பு ஏறத்தாழ 9,200 ஏக்கர். 1956இல் சானலின் குறுக்கே மாநில எல்லை விழுந்தது. ஆயினும் தண்ணீர் ஓடியது. 2004இல் கேரளம் அதை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கிடையேயான ஆறு அன்று என்பதும், புதிய ஒப்பந்தம் வேண்டும் என்பதும் அதன் வாதம். தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 108ஆம் பிரிவைப் படித்தால் வியப்பு மிகும். கையிலெடுக்கப்பட்டு முடிவுறாத திட்டம் ஒன்றில் இரு மாநிலங்கள் தொடர்புடையனவாயின், அவற்றின் உடன்பாட்டாலன்றி, அல்லது நடுவண் அரசின் ஆணையாலன்றி, அதன் அளவையும் பயன்பகிர்வையும் மாற்றக்கூடாது என்று அது சொல்கிறது. மக்களுக்காக உறுதியாக எழுதப்பட்ட ஒரு சொல் இங்கே இருக்கிறது. அச்சொல்லை நடைமுறையாக்கத் தில்லிக்கு அதிகாரமும் இருந்தது. சானல் காய்ந்தபின் வயல் வாழையாகவும் மரச்சீனியாகவும் ரப்பராகவும் மாறுவதைப் பார்த்துக்கொண்டு மூன்று அரசுகளும் இருந்தன.

6. ஐரோப்பா கற்பிப்பது

இத்தகைய உடன்பாடுகளை எடைபோட இன்னோர் எடுத்துக்காட்டு உதவும். ஐரோப்பாவுக்கான அரசமைப்பை நிறுவும் உடன்படிக்கை 2004 அக்டோபர் 29ஆம் நாள் ரோமில் கையெழுத்தானது. 25 நாடுகள், 448 உறுப்புகள். அதன் தொடக்கத்திலேயே ஒன்றியத்தின் விழுமியங்களுள் ஒன்றாகச் சிறுபான்மையினரின் உரிமை சொல்லப்பட்டது. உறுப்பு நாடு விலகிச்செல்ல வழியும் வகுக்கப்பட்டது. வரைவு பிரெஞ்சு வாக்காளர்களின் வீடுகளுக்கே அனுப்பப்பட்டது. 2005 பிப்ரவரியில் ஸ்பெயின் ஏற்றது. மே 29ஆம் நாள் பிரான்சில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் மறுத்தனர். ஜூன் 1ஆம் நாள் நெதர்லாந்தில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மறுத்தனர். உடன்படிக்கை மாண்டது.

கேட்டார்கள் என்பது அதன் நிறை. கேட்டபின் என்ன செய்தார்கள் என்பது அதன் குறை. உள்ளடக்கத்தின் பெரும்பகுதி 2007இல் லிஸ்பன் உடன்படிக்கையாக உருமாறி வந்தது. பிரான்சு இம்முறை மக்களிடம் கேட்காமல் நாடாளுமன்றத்திலேயே ஏற்றுக்கொண்டது. அயர்லாந்து 2008இல் மறுத்தது. 2009இல் மறுபடி வாக்களிக்க வைக்கப்பட்டது. சிறுபான்மையினர் உரிமையை விழுமியமாக எழுதியவர்களுள் ஒன்றான பிரான்சு, வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பியப் பட்டயத்தில் 1999இல் கையெழுத்திட்டும் அதற்கு இன்றுவரை இறுதி ஏற்பு அளிக்கவில்லை. பிரெத்தோன், பாஸ்க் மொழியினரின் குறை நெய்யாற்றின்கரைக்கு அந்நியமானதன்று.

எனவே "ஐரோப்பாவைப் பாருங்கள்" என்று மேற்கோள் காட்டுவதில் பொருளில்லை. அங்கும் இங்கும் ஒரே பாடம்தான். மக்களைக் கேட்காமல் எழுதும் உடன்பாடு குறையுடையது. கேட்டாலும், சிறுபான்மையினருக்கு நடைமுறைப்படுத்தத்தக்க உரிமையை எழுதாத உடன்பாடு அதே அளவு குறையுடையது. பொது வாக்கெடுப்பில் நெய்யாற்றின்கரை எந்தப் பக்கம் சென்றிருந்தாலும், தோற்ற பக்கத்தின் குழந்தைக்கு எழுதப்பட்ட உறுதிதான் துணை நின்றிருக்க முடியும்.

7. செய்யத்தக்கவை

எல்லையை அசைக்காமலே செய்யத்தக்கவை நான்கு உள்ளன. நான்குக்கும் புதிய அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை.

ஒன்று: 350அ உறுப்பின் கீழ்க் குடியரசுத் தலைவரின் பணிப்புரை. பத்துக் குழந்தைகள் கேட்டால் ஓர் ஆசிரியர் என்னும் 1949இன் அளவு, நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டுக்கும் ஒரே நாளில், ஒரே சொல்லில் கட்டாயமாக வேண்டும்.

இரண்டு: 1969ஆம் ஆண்டின் சட்டத்தைப் பாறசாலை முதல் வெள்ளறடை வரையுள்ள கிராம அலுவலகங்களிலும் ஊராட்சிகளிலும் நடைமுறையாக்கல். தமிழில் எழுதிய மனுவுக்குத் தமிழில் விடை வரவேண்டும். அதற்கு நிகரான உரிமையைக் குமரி மாவட்டத்தின் மலையாளிகளுக்குத் தமிழ்நாடு சட்டமாக்கவேண்டும்.

மூன்று: நெய்யாறு இடதுகரை சானலுக்கு 108ஆம் பிரிவின்படி உடன்பாடு, அது கூடாதெனில் நடுவண் அரசின் ஆணை.

நான்கு: இவற்றைப் பேச ஓர் அவை ஏற்கெனவே இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் அதே மறுசீரமைப்புச் சட்டம் மண்டலக் குழுக்களை அமைத்தது. அக்குழுக்கள் ஆராயத்தக்கவை என்று எல்லைத் தகராறு, மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கிடையேயான போக்குவரத்து ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறித்தது. தமிழ்நாடும் கேரளமும் தென்மண்டலக் குழுவின் உறுப்பினர்கள். அதன் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் பாறசாலையும் விளவங்கோடும் இடம்பெறக் கோருவதற்கு இரு முதல்வர்களுக்கும் ஒரு கடிதம் போதும்.

"பெற்றோரே ஆங்கில வழியை நாடும்போது தாய்மொழி வகுப்பு யாருக்கு?" என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். மேல்வகுப்புக்கும் வேலைக்கும் வழியில்லாத மொழியைப் பெற்றோர் கைவிடுவதில் வியப்பில்லை. இருக்கும் வழியை மறுப்பது பெற்றோரின் உரிமை. வழியே வைக்காமலிருப்பது அரசின் உரிமையன்று.

1949இல் இரு மன்னர்கள் கையெழுத்திட்டார்கள். 1956இல் நாடாளுமன்றம் வாக்களித்தது. மன்னர்களுக்கு வாக்களித்த மானியத்தை 1971இல் அதே நாடாளுமன்றம் ஒழித்தது. கோயில்களுக்கு எழுதிய தொகை இன்றும் அரசமைப்பில் நிற்கிறது. எல்லையூர்க் குழந்தைகளுக்கு எழுதிய "முயற்சி" மட்டும் தொடங்கியதாகவே தெரியவில்லை. வரும் நவம்பர் 1ஆம் நாள் களியக்காவிளையின் இருபுறமும் மேடை போடுவோர், முழக்கத்துக்கு முன் அந்த ஒரு சொல்லுக்குக் கணக்குக் கேட்கட்டும்.